மூணு சுருட்டு

இதுவா? பைதான் ஐயா. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. கையில் இருக்கிறதே தெரியலை, இல்லையா? அதுதான் இதோட விசேஷம். ஒரு கைப்பிடி உப்பு இதைவிடக் கனக்கும். சுருட்டினால் சட்டைப் பைக்குள்ளே போயிரும். விரிச்சால் ஒரு போர்வை, ரெண்டு செட் துணி, டார்ச், தீப்பெட்டி எல்லாம் உள்ளே பிடிக்கும். ஆத்தில் தூக்கிப் போட்டாலும் மிதக்குமே தவிர ஒரு சொட்டு இறங்காது. ட்ரை பேக் என்று சொல்லுவாங்க. மலை ஏறுகிறவங்க, காட்டில் டென்ட் போட்டுத் தங்குகிறவங்க வச்சிருப்பாங்க.

வாயை எப்படிக் கட்டுறதா? ஜிப் கிடையாது, நாடா கிடையாது. இப்படி முழங்காலை வச்சு அமுக்கிக் காத்தை வெளியே தள்ளணும். அப்புறம் வாயோரத்தைச் சேர்த்துப் பிடிச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு சுருட்டு. ரெண்டு சுருட்டில் நிறுத்தினால் தண்ணி வழி கண்டுபிடிச்சிரும். மூணு ஆனதும் ரெண்டு முனையையும் வளைச்சு ஒண்ணோட ஒண்ணு மாட்டினால், டக். கேட்டீங்களா அந்த டக்? ஒரு காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அவ்வளவு நிம்மதி.

இப்ப அதைக் கேட்கவே பிடிக்கலை.

என் பேச்சு கேக்குதுங்களா? எனக்குப் பிறவியிலேயே சின்னக் குரல். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொன்னாலும் பாதி நாள் ஆப்சென்ட்தான் போடுவாங்க. இந்த பஸ்ஸோ மேடு ஏறும்போது இப்படி அலறுது. கொஞ்சம் சத்தமாவே பேசுறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்கே இறங்கணும்? பாறைப்பட்டிப் பிரிவா? அப்ப மூங்கில்பள்ளம் வரைக்கும் வரலை. நல்லதாப் போச்சு. உங்ககிட்டச் சொல்லலாம். நடுவில் நடுவில் ஒரு 'உம்' மட்டும் கொட்டுங்க. கதை கேட்கிறவங்க உம் கொட்டலைன்னா சொல்கிறவனுக்கு வாய் ஓடாது. எங்க வீட்டில் என்னை அப்படியே பழக்கிட்டாங்க.

உம். அப்படித்தான்.

நான் திண்டுக்கல்லுங்க. பேரு தவசீலன். பெலிக்ஸ் அண்ணன் என்று ஒருத்தர், டவுன்காரங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் மலையில் நாலு நாள், அஞ்சு நாள் நடக்கவிட்டுக் கூட்டிக்கிட்டு வருவார். அதுதான் அவருக்குத் தொழில். அவர்கிட்ட நான் சாமான் பொறுப்பு. டென்ட், கயிறு, அடுப்பு, போர்வை எல்லாம் என் கையில். போன வருஷம் ஆவணியில் அண்ணன் இந்தப் பைகளில் பதினாலு வாங்கினார். அதுவரைக்கும் உரச்சாக்குக்குள்ளே பாலிதீன் தாளைப் போட்டுத்தான் கட்டிக்கிட்டு இருந்தோம். இந்தப் பை வந்ததும் எனக்குத் தலைகால் புரியலை. பொய் சொல்லக் கூடாது, நான் இதுக்கு வாத்தியாராவே ஆயிட்டேன்.

மூங்கில்பள்ளத்தோட பஸ் நின்னுரும், தெரியும்ல? அதுக்கு மேலே மேக்காடுங்கிற ஊருக்கு ரோடு கிடையாது. அரிசி, சிலிண்டர், சிமென்ட்டு எதுவா இருந்தாலும் குதிரை முதுகுதான். எங்க சாமானும் அப்படித்தான் போகும். குதிரைக்காரங்க ஏழெட்டுப் பேரை டீக்கடை முன்னாடி உட்கார வச்சு நான் பாடம் எடுத்தேன். அமுக்கணும், மூணு சுருட்டுச் சுருட்டணும், மாட்டணும் என்று சொல்லிக் காட்டினேன்.

அப்ப வீரணன் அண்ணன் எழுந்தார். அம்பது வயசிருக்கும். வெடவெடன்னு இருப்பார், காதில் சின்னக் கடுக்கன். "தம்பி மூணு சுருட்டுங்குது. நான் ஒரு நாளைக்கு ரெண்டுதான் இழுக்குறேன். அதுக்கே எம் பொண்டாட்டி, வீட்டுக்குள்ள வராதே, அந்தக் குதிரைகிட்டயே போய்ப் படுங்கிறா. மூணுன்னா மலையவிட்டே தொரத்திருவாப்பா" என்றார். அவ்வளவுதான், எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டாங்க. அன்னையிலிருந்து மூங்கில்பள்ளத்தில் என் பேரு மூணு சுருட்டு. "என்ன மூணு சுருட்டு, சாப்டாச்சா?" "மூணு சுருட்டு வந்துருச்சு, டீயைப் போடு." எனக்குக் கோவமே வராது. ஒரு ஊரில் பட்டப்பேரு கிடைக்கிறது என்றால் லேசா?

ஆனால் சிரிக்க வச்சாரே அவர்தான் சரியாக் கத்துக்கிட்டார். கட்டி முடிச்ச பையைக் காதோரம் வச்சு அமுக்குவார். புஸ்ஸுன்னு காத்து வருதான்னு கேட்பார். வந்தால் பிரிச்சு மறுபடியும் சுருட்டுவார். நான்கூட அப்படிப் பார்க்க மாட்டேன்.

அவர் குதிரை பேரு கண்ணாத்தா. பொட்டைக் குதிரை. செம்மண் நிறம், நெத்தியில் மட்டும் வெள்ளை. ஒருநாள் நடந்து போகும்போது அவரே ஒரு விஷயம் சொன்னார். "கடிக்கிற குதிரைக்கு வாய்க்கூடை போட்றலாம் தம்பி. ஒதைக்கிற குதிரைக்குப் பின்னாடி போகாம இருந்துக்கலாம். தண்ணியில படுக்கிற குதிரைய மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது." சில குதிரைக்கு வயித்தில் தண்ணி பட்டதும் சுகம் கண்டுரும். பொதியோட அப்படியே ஓடையில் படுத்துரும். அரிசி மூட்டை போச்சு, சிமென்ட்டு போச்சு. ஒரு தடவை படுத்துச்சுன்னு பேர் வந்துட்டால் போதும், அப்புறம் அந்தக் குதிரை மேலே ஒருத்தரும் பொதி ஏத்த மாட்டாங்க. "கண்ணாத்தா ஏழு வருசமா ஓடை தாண்டுது. ஒரு தடவை முட்டி மடக்குனதில்லை" என்று அதோட கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

இதை ஏன் சொல்றேன் என்றால், அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாமச் சொல்லிட்டேன்னு நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது.

ஐப்பசியில் ஒரு குழு வந்தது. பதினோரு பேர். அதில் பத்மாவதி அக்கா என்று ஒருத்தங்க. காலேஜில் தாவரவியல் வாத்தியார். மத்தவங்க போட்டோ எடுத்தால் அவங்க மட்டும் குனிஞ்சு குனிஞ்சு செடி பறிப்பாங்க. வேரோட எடுத்து, மண்ணை உதறி, செய்தித்தாள் மடிப்புக்குள்ளே வச்சு, ரெண்டு அட்டைக்கு நடுவில் பெல்ட் போட்டு இறுக்குவாங்க. பாடம் பண்றதுன்னு சொல்லுவாங்களாம். அஞ்சு நாளில் ஒரு கட்டுச் சேர்ந்துருச்சு. அதில் ஒண்ணை மட்டும் எங்களுக்குக் காட்டினாங்க. சுண்டுவிரல் உயரம், ஊதா நிறத்தில் ஒரு பூ. நாலு வருஷமாத் தேடுறாங்களாம், பூவோட கிடைச்சது இந்தத் தடவைதானாம். அதை வச்சுத்தான் அவங்க ஆராய்ச்சியே முடியணுமாம்.

இறங்குகிற அன்னைக்குக் காலையிலிருந்து மழை. அந்தக் கட்டை என் கையில் கொடுத்துட்டு, "தவசீலா, இது நனையாதுல்ல?" என்றாங்க.

"அக்கா, ஆத்துல விழுந்தாக்கூட நனையாது."

அப்படிச் சொல்றதுக்குத்தானே ஐயா அந்த வேலையில் இருந்தேன்.

ஆரஞ்சுப் பை ஒண்ணில் கட்டை வச்சேன். பை பாதிதான் நிறைஞ்சது, மேலே இடம் கிடந்தது. என் தோளில் ஒரு ஸ்டீல் பாட்டில் தொங்கும், ஒரு லிட்டர் பிடிக்கும். அஞ்சு நாள் நடந்ததில் அதோட வார் அறுத்துத் தோள்பட்டை கொப்புளிச்சிருந்தது. யாரும் பார்க்கலை. பாட்டிலை அந்தப் பைக்குள்ளே, கட்டுக்கு மேலே வச்சேன். மூடியை முறுக்கினேன். முறுக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். அமுக்கினேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, டக். வீரணன் அண்ணன் வழக்கம் போலக் காதில் வச்சு அமுக்கிப் பார்த்தார். "காத்து வரலை. கெட்டிக்காரன்டா மூணு சுருட்டு" என்றார்.

உம் கொட்டுறீங்களா? சரி.

வழுக்குப்பாறை ஓடைகிட்ட வந்ததும் மத்தவங்க எல்லாம் மேலே இருக்கிற மரப்பாலத்துக்குப் போயிட்டாங்க. குதிரை பாலத்தில் ஏறாது, தண்ணியில்தான் இறங்கணும். முன்னாடி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வீரணன் அண்ணன். நடுவில் கண்ணாத்தா. பின்னாடி பொதியில் ஒரு கையை வச்சுக்கிட்டு நான். தண்ணி அதோட வயித்தைத் தொட்டது. பாதி ஓடையில் கண்ணாத்தா நின்னுச்சு. மேலேயிருந்து ஒரு மரக்கிளை சுழண்டு வந்துக்கிட்டு இருந்தது. அது தாண்டிப் போகட்டும் என்று நின்னுச்சு. அண்ணன் திரும்பக்கூட இல்லை. "ஏத்தா, போவமாத்தா" என்றார், வீட்டில் மகளைக் கூப்பிடுகிற மாதிரி. கிளை போனதும் அது நடந்துருச்சு.

அவ்வளவுதான் நடந்தது. நின்னுச்சு, நடந்துச்சு.

கீழே டீக்கடையில் எல்லாப் பையையும் இறக்கிப் பிரிச்சோம். பத்மாவதி அக்காவுக்குப் பொறுமை இல்லை, அவங்களே ஆரஞ்சுப் பையோட க்ளிப்பை எடுத்து வாயைப் பிரிச்சுச் சாய்ச்சாங்க. செம்பைச் சாய்ச்ச மாதிரி தண்ணி ஊத்துச்சுங்க. கட்டை வெளியே உருவினாங்க. செய்தித்தாள் கூழாப் போய் அட்டையோட ஒட்டியிருந்தது. அந்த ஊதாப் பூ எங்கே இருந்ததுன்னே தெரியலை. தாளில் ஒரு கறை மட்டும் இருந்தது. அக்கா ஒரு இலையை விரலால் எடுத்து உள்ளங்கையில் வச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க.

நான் பையைப் பார்த்தேன். குதிரை நடந்த குலுக்கலில் பாட்டில் கட்டுக்குப் பக்கவாட்டில் அடிவரைக்கும் நழுவியிருந்தது. பாட்டில் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். பாட்டிலில் சொட்டுத் தண்ணி இல்லை.

வெளியேயிருந்து உள்ளே ஒண்ணும் வரலைங்க. நான் உள்ளே வச்சதை அது வெளியே விடலை. அஞ்சு மணி நேரம், ஒரு லிட்டர் தண்ணி, ஒரு சொட்டு ஒழுகலை. பார்த்தீங்களா என்ன பை! வெளித்தண்ணியை உள்ளே விடாத பை, உள்தண்ணியையும் வெளியே விடாதுதானே. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன், இதை ஒருத்தருக்கும் நான் சொன்னதில்லை. எனக்கே தோணினதில்லை.

குந்தி உட்கார்ந்து பையை உதறுகிற மாதிரி பாட்டிலையும் மூடியையும் எடுத்து என் ரெயின்கோட்டுக்குள்ளே சொருகிக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து பெலிக்ஸ் அண்ணன் வந்தார்.

"என்னடா இது? எப்படிடா?"

குந்தின இடத்திலேயே, தலையைத் தூக்காமல் சொன்னேன். "குதிரை ஓடையில படுத்துருச்சுண்ணே."

என்னங்க, உம் நின்னுபோச்சு?

இல்லை, நீங்க நினைக்கிறது சரிதான். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், ஆனால் யோசிச்சுத்தான் சொன்னேன். மழைன்னு சொன்னால் பை என்னத்துக்குன்னு கேட்பாங்க. கை தவறி விழுந்ததுன்னு சொன்னால் என் கையான்னு கேட்பாங்க. வீரணன் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நாக்கு நுனியில் தயாரா இருந்தது. அது ஒண்ணைத்தான் அந்த ஊரில் எல்லாரும் உடனே நம்புவாங்க.

வீரணன் அண்ணன் அப்பதான் டீ வாங்கியிருந்தார். கிளாஸைக் கீழே வச்சார்.

"படுத்துச்சா? கயிறு என் கையில இருந்துச்சே தம்பி. இழுபடலையே."

"நீங்க முன்னாடி பாத்து நடந்தீங்கண்ணே. பின்னங்காலை மடக்கி ஒரு நிமிசம் முங்குச்சு, உடனே எந்திரிச்சிருச்சு."

அவர் யோசிச்சார். அந்த யோசனையை நான் இன்னும் மறக்கலை. "நடுவுல நின்னுச்சு," என்றார் மெதுவா. "ஆமா, நின்னுச்சு."

"பை நனையாதுன்னு சொன்னியேடா?" என்றார் பெலிக்ஸ் அண்ணன்.

"இது ஒண்ணுதான் பின்பக்கம் கட்டுன பைண்ணே. முழுசா முங்குனா எந்தப் பையும் தாங்காது."

பாருங்க, குதிரையோட நிறுத்தலை. பை மேலேயும் பழி சொன்னேன்.

டீக்கடையில் குதிரைக்காரங்க, கண்டக்டர், டிரைவர், மூட்டைக்குக் காத்திருந்த மேக்காட்டுச் சனம் என்று ஒரு இருபது பேர். "கண்ணாத்தாவா? படுத்துருச்சா?" என்று ஒருத்தர். "வயசாகிருச்சுல்ல, இனிமே அப்படித்தான்" என்று இன்னொருத்தர். வீரணன் அண்ணன் அவங்க யாரையும் பார்க்கலை. நேரா என்கிட்ட வந்தார். "மூணு சுருட்டு, நீ சொல்றதால நம்புறேன்யா. வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். அப்புறம் பத்மாவதி அக்கா முன்னாடி போய், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வச்சுக்கிட்டு, "தாயி, எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சிருங்க" என்றார்.

அக்கா, "பாவம், அது வாயில்லா ஜீவன். விடுங்க அண்ணே" என்றாங்க. அழுதுகிட்டுத்தான் சொன்னாங்க.

அவர் விடலை. வாகை மரத்தில் கட்டியிருந்த கண்ணாத்தாகிட்டப் போனார். கயித்து நுனியை மடிச்சார். ஒரு அடி. கழுத்தில். ஒண்ணே ஒண்ணுதான். அது கத்தலை, துள்ளலை. அவரைத் திரும்பிப் பார்த்துச்சு. அவர் கைக்கு அடிக்கத் தெரியலைங்க, கயிறு கோணலா விழுந்தது. அடிச்சுட்டு அதே கையை அதோட நெத்தி வெள்ளையில் வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார்.

பாட்டில் என் விலாவில் குத்திக்கிட்டே இருந்தது. அப்பவாவது எடுத்துக் காட்டியிருக்கலாம். பஸ் வந்துருச்சு.

இல்லை, பஸ் உடனே வரலை. முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் வந்தது.

அப்புறம் அந்த ஆரஞ்சுப் பையை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய்ச் சோதிச்சேன். உண்மையிலேயே பையில் ஓட்டை இருந்துட்டால்? அப்படி இருந்துட்டால் மழைத்தண்ணிதான், என் பாட்டில் இல்லைன்னு ஆகும் பாருங்க. தண்ணி நிரப்பி, மூணு சுருட்டுச் சுருட்டி, ஆணியில் மாட்டி, கீழே ஒரு பேப்பரை விரிச்சு வச்சேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பேப்பர் மொடமொடன்னு அப்படியே இருந்தது. அவ்வளவு நல்ல பைங்க. ஒரு பொத்தலாவது இருந்திருக்கக் கூடாதா என்று அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

தை மாசம் அந்த வேலையை விட்டுட்டேன். இப்ப திண்டுக்கல்லில் இந்த மாதிரிச் சாமான் விற்கிற கடையில் நிக்கிறேன். வாங்க வருகிறவங்க, "தம்பி, நனையாதுல்ல?" என்பாங்க. "உள்ளே என்ன வைக்கிறீங்க என்பதைப் பொறுத்துங்க" என்பேன். முதலாளி முறைப்பார்.

போன வாரம் பெலிக்ஸ் அண்ணன் கடைக்கு வந்தார். கயிறு வாங்க. பேச்சுவாக்கில், "நம்ம வீரணன் கண்ணாத்தாவை விக்கப் போறாருடா" என்றார். ஐப்பசியிலிருந்து ஒரு மூட்டை ஏத்தலையாம் அதுமேல. மேக்காட்டுக்காரங்க, தண்ணியில படுக்கிற குதிரைன்னு சொல்லி ஒதுக்கிட்டாங்களாம். அது லாயத்தில் சும்மா நிக்க, இவர் தன் தோளிலேயே மூட்டை சுமந்து மேலே போறாராம், குதிரைக்குத் தீனி போடணுமே. இந்த ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குக் கொண்டுபோறார், திங்கக்கிழமை லாரி ஏத்துறார் என்றார்.

"அந்தியூர்ல யாருக்கும் இது தெரியாதேண்ணே, நல்ல இடத்துக்குப் போயிரும்ல?" என்று கேட்டேன். எனக்கு அப்படி ஒரு ஆறுதல் வந்துச்சுங்க.

"அதெப்படிடா? அவரு சொல்லித்தானே விப்பாரு. 'இது தண்ணியில படுக்கும், பாத்துக்கங்க'ன்னு முதல்லயே சொல்லிருவாரு. அப்புறம் எவன் பொதிக்கு வாங்குவான்? கறிக்குத்தான் கேப்பானுங்க."

பாருங்க ஐயா. நான் சொன்ன பொய்யை அந்த மனுஷன் உண்மைன்னு ஊருக்கு ஊர் போய்ச் சொல்லப் போறார். தன் வாயால. தன் குதிரையைப் பத்தி.

அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன். இன்னைக்கு சனிக்கிழமைதானே, இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இந்தப் பை புதுசு, அவருக்குத்தான். கடையிலேயே நல்ல ரகம். அவருக்குப் பிடிக்கும், காதில் வச்சு அமுக்கிப் பார்ப்பார். உள்ளே ஒரு லெட்டர் இருக்கு. எல்லாத்தையும் எழுதிட்டேன். பாட்டில், மூடி, கிளை வந்தது, அது நின்னது, எல்லாம். நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாதுங்க, அதுதான். டீக்கடையில் கொடுத்துட்டு, 'வீரணன் அண்ணன்கிட்டக் குடுத்துருங்க'ன்னு சொல்லிட்டு, இதே பஸ்ஸில் திரும்பிரலாம் என்று இருக்கேன். பத்து நிமிஷம் நிக்கும்ல?

என்னங்க? அவருக்குப் படிக்கத் தெரியுமாவா?

…அதை யோசிக்கலையே.

இல்லை, தெரியாது. பெலிக்ஸ் அண்ணன் கையெழுத்துக் கேட்டால் அவர் ரேகை வைக்க மைப்பெட்டியைத்தான் தேடுவார். அப்ப டீக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லுவாரோ? ஐயய்யோ. 'தனியாகப் படிக்கவும்' என்று வேறு மேலே எழுதியிருக்கேன். டீக்கடைக்காரர் படிச்சால் ஊருக்கே தெரிஞ்சிருமே.

தெரியட்டும்கிறீங்களா? இல்லைங்க, நான் என்ன நினைச்சேன் என்றால், அவருக்கு மட்டும் தெரிஞ்சால் போதும். அவர் மனசு ஆறிரும், குதிரையை விற்க மாட்டார். மேக்காட்டுக்காரங்க… ஆமா. அவங்க பொதி ஏத்தினால்தானே. அவருக்கு மட்டும் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? அவர் போய், 'என் குதிரை படுக்கலைப்பா'ன்னு சொன்னால் விக்க மனசில்லாமப் பேசுறான்னுதான் சொல்லுவாங்க. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். இதை மட்டும் பைக்குள்ளே வச்சு மூணு சுருட்டுச் சுருட்டிக் கொண்டுவந்திருக்கேன் பாருங்க.

என்னங்க, கேக்கலையா? வளைவில் ரொம்பத்தான் அலறுது. நான் என்ன சொன்னேன் என்றால், அந்தக் குதிரை படுக்கவே இல்லைங்க! வழுக்குப்பாறை ஓடையில கண்ணாத்தா படுக்கலை! அது என் பாட்டில்ல இருந்த தண்ணி! நான் சொன்னது பொய்!

…

ஏன் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க?

வண்டி எப்ப நின்னுச்சு? இஞ்சினை எப்ப அணைச்சாங்க?

எங்கே? ஓ… காட்டுமாடு. எவ்வளவு பெரிசு. குட்டியோட குறுக்கே போகுது. அதுக்காகத்தான் அணைச்சுட்டு எல்லாரும் மூச்சுக் காட்டாமல் இருந்தீங்களா? நான் ஒருத்தன்தான் கவனிக்காமல்… எவ்வளவு சத்தமாச் சொன்னேன்? எல்லாருக்குமா கேட்டுச்சு?

ஐயா, நீங்க பாறைப்பட்டிப் பிரிவுன்னு சொன்னீங்களே, அது தாண்டிருச்சே. நீங்க இறங்கலையே. இதைக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

மாடு போயிருச்சு. டிரைவர் ஏன் இன்னும் வண்டியை எடுக்கலை? அவரும் கண்ணாடியில் என்னையே பார்க்கிறார். கண்டக்டரும்தான். அன்னைக்கு டீக்கடையில் இருந்தவர் இவர். "அட, மூணு சுருட்டுல்ல இது" என்கிறார், கேட்டீங்களா?

முன் சீட்டில் எழுந்திருக்காங்களே, கூடையோட, அந்தம்மா யாருங்க? இங்கேதான் வர்றாங்க.

வீரணன் அண்ணன் வீட்டுக்காரங்களா?

ஐயா, நீங்க கொஞ்சம் தள்ளி உட்காராதீங்க. அப்படியே இருங்க.

என்னங்கம்மா? ஆமாங்கம்மா. நான்தான். திண்டுக்கல்லு. சாமான் கொண்டுவருவேனே, அந்தப் பையன்தான்.

இல்லைங்கம்மா, குடிச்செல்லாம் இல்லை. சத்தியமா.

கேட்டது சரிதாங்கம்மா. இதில் லெட்டர்கூட எழுதி… இல்லைங்கம்மா. லெட்டர் வேண்டாம். சரிங்கம்மா.

திரும்பச் சொல்லணுமா? இங்கேயேவா? மேக்காட்டுக்காரங்க யாரெல்லாம் இருக்காங்க? பின்னாடி நாலு பேரா. சரி.

ஐயா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. அன்னைக்குக் குந்திக்கிட்டுச் சொன்னேன். இன்னைக்கு எழுந்து நிக்கிறேன்.

சத்தமாங்களா? என் குரலே இவ்வளவுதாங்கம்மா. இருங்க.

படுக்கலைங்க. வழுக்குப்பாறை ஓடையில, வயித்தளவு தண்ணியில, அத்தனை பொதியோட, கண்ணாத்தா நின்னுச்சு.